நாகர்கோவிலில் இருந்து வியட்நாம் காப்பித் தோட்டங்களுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சின்னக் கடை என்னுடையது. தூளுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பது ரோபஸ்டா என்ற காப்பி வகை. உலகத்திலேயே அதிக ரோபஸ்டா விளையும் நாடு வியட்நாம். அங்கே செடியிலிருந்து மூட்டை வரைக்கும் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. இரண்டு தடவை போய் வந்துவிட்டேன்.

முதல் தடவை பிப்ரவரியில் போனேன். செடியில் ஒரு பழம் இல்லை, களத்தில் ஒரு கொட்டை இல்லை, பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. விசாவுக்கு மட்டும் மூன்று தடவை பணம் கட்டினேன். எழுபதாயிரத்துக்கு மேல் செலவழித்துவிட்டு, பார்க்கப் போனதைப் பார்க்காமல் திரும்பினேன். அடுத்த தடவை டிசம்பர் தொடக்கத்தில் போனேன். பத்து நாளில் ஆறு தோட்டங்களையும் இரண்டு பதப்படுத்தும் நிலையங்களையும் பார்த்தேன்.

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இப்போது கிளம்பப் போகிறார்கள். எனக்குப் போன பணமும் நாளும் அவர்களுக்கும் போகக் கூடாது. கொட்டை வறுப்பவர், கஃபே நடத்துபவர், வறுக்காத பச்சைக்கொட்டை விற்கும் வியாபாரி யாராக இருந்தாலும் இதே வரிசையில் செய்யுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம்

டிக்கெட் எப்போது மலிவோ அப்போது போகலாம் என்று நினைத்தது என் முதல் தவறு. வியட்நாமின் மத்திய மலைநாட்டில் உள்ள டக் லக் பகுதியில் ரோபஸ்டா பறிப்பு அக்டோபர் கடைசியில் தொடங்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் மும்முரமாக நடந்து ஜனவரியில் ஓய்ந்துவிடும். டா லாட் மலையில், கவ் டாட் பக்கம் விளையும் அராபிகா என்ற இன்னொரு காப்பி வகைக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். பறிப்பு, களம், உலர்த்தல், உரித்தல் நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமானால் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் நடு வரைக்கும் சரியான காலம். நவம்பரில் அங்கே புயல் மழை வரும் வருடங்களும் உண்டு. அதனால் நான் டிசம்பர் பக்கம்தான் சாய்வேன்.

பிப்ரவரியைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணம் டெட், அவர்களுடைய புத்தாண்டு. சந்திரக் கணக்கில் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. அதற்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், தோட்டக்காரர் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். பஸ்ஸிலும் இடம் கிடைக்காது.

அந்த பிப்ரவரி பயணத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய தோட்டங்களில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அதிகாலையில் தோவாளை பூச்சந்தைக்குள் நுழைந்ததுபோல வாசனை. பூவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த மாதம் சரி. வியாபாரத்துக்கு அது உதவாது.

நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை, கொச்சிக்குப் போகும் செங்கன்னூர் வழி ரயில்கள் சபரிமலைக் கூட்டத்தில் நிரம்பிவிடும். டிசம்பர் பத்துக்கு மேல் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறவர்கள் கூட்டம் வேறு. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது, அன்றைக்கே போட்டுவிடுங்கள். விமான டிக்கெட்டை ஆகஸ்டிலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

2. பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள்

பயணத் தேதிக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்காலுக்கு மேற்கொண்டு 2,000. நான் திருநெல்வேலி சேவை மையத்தில் முடித்தேன். நம் ஊரில் பலருக்கு வளைகுடாவுக்குப் போன காலத்துப் பாஸ்போர்ட் இருக்கும். அதில் பழைய முகவரி இருந்தால் போலீஸ் விசாரணையில் இழுக்கும். அதற்கும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

உண்மையான சிக்கல் பெயரில்தான் வரும். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு விசா படிவங்கள் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒன்றைக் காலியாக விட்டால் சில படிவம் நகராது. நாமாக எதையாவது நிரப்பினால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு வருகை விசாவைக் கட்டுப்படுத்தியபோது நம் ஊரில் எத்தனை வீடுகளில் தவித்தார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என் யோசனை இதுதான். கட்டம் காலியாக இருந்தால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் தொல்லை இல்லை. ஆதாரிலும் பான் கார்டிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஈ-விசா: 25 டாலர், ஒரு மணி நேரம், நிறைய கவனம்

வியட்நாமுக்கு இந்தியர்கள் ஆன்லைனிலேயே விசா எடுக்கலாம். ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவை நுழைய 50 டாலர். அதிகபட்சம் 90 நாள் வரை கொடுக்கிறார்கள். மூன்று வேலை நாளில் வரும் என்பது அவர்கள் கணக்கு. விடுமுறை குறுக்கிட்டால் நீளும். நீங்கள் மூன்று வாரம் முன்னால் போடுங்கள். நிராகரித்தாலும் நீங்கள் தப்பு செய்தாலும் பணம் திரும்பாது.

முதல் பொறி, போலித் தளங்கள். தேடினால் மேலே வருபவற்றில் பல, அரசுத் தளம் மாதிரியே தோற்றமளிக்கும் ஏஜென்ட் தளங்கள். 25 டாலர் வேலைக்கு ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் வாங்கிவிடுவார்கள். நான் முதலில் கட்டியது அப்படி ஒன்றில்தான். ஒரு வாரம் ஆகியும் விசா வரவில்லை. இணைய முகவரி ஜி-ஓ-வி, புள்ளி, வி-என் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டாவது, எழுத்து. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், நடுவில் கோணக்குறிகள் வரிசையாக வரும். விமான நிலையக் கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். பெயரை அங்கே உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். மேலே அச்சாகியிருப்பதை நினைவில் வைத்து அடிக்காதீர்கள். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்ஜியமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறிப்போவது ரொம்ப சாதாரணம்.

மூன்றாவது, தேதி. அரசுத் தளத்தில் நான் போட்ட முதல் விண்ணப்பத்தில் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. போனில் அவசரமாக நிரப்பினேன். விசா வந்த பிறகு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வந்த விசாவைத் திருத்த வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிரப்புங்கள். பணம் கட்டும் முன் வீட்டில் இன்னொருவரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்லி, நீங்கள் திரையைச் சரிபாருங்கள்.

புகைப்படம் கண்ணாடி இல்லாமல், வெளிச்சமான பின்னணியில். நுழையும் இடம், வெளியேறும் இடம் இரண்டையும் கேட்பார்கள், நுழைவாயில் பட்டியலில் உங்கள் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். விசா தொடங்கும் தேதியை உங்கள் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள்.

தோட்டம் பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் சுற்றுலா நோக்கம் போதும். வணிக நோக்கம் என்று போட்டால் அங்கிருந்து அழைக்கும் நிறுவனம் ஒன்றின் விவரம் வேண்டும்.

பிரின்ட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கான விடுதிப் பதிவு, பயணக் காப்பீடு இவற்றையும் அதே உறையில் வையுங்கள். இங்கே விமான கவுன்ட்டரிலேயே திரும்பும் டிக்கெட்டைக் கேட்டார்கள்.

4. கிளம்பும் முன்பே தோட்டக்காரரிடம் பேசி முடியுங்கள்

நேரில் போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். 2024இல் அங்கே காப்பி விலை கிலோவுக்கு ஒரு லட்சம் டாங்கைத் தாண்டியது. டாங் என்பது அவர்களுடைய நாணயம். விலை ஏறியதும் திருட்டும் ஏறியது. பறிப்புக் காலத்தில் தோட்டத்திலேயே படுத்துக் காவல் இருக்கும் விவசாயிகள் உண்டு. முன்பின் தெரியாத ஆள் செடி ஓரம் நின்று படம் எடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும், உயர்தர ரோபஸ்டா செய்யும் சிறு பதப்படுத்துநர்களுக்கும் இரண்டு மாதம் முன்னாலேயே எழுதுங்கள். நான் பன்னிரண்டு பேருக்கு எழுதியதில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். யார் நீங்கள், என்ன கடை, எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன பார்க்க வேண்டும், எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்று பத்து வரிக்குள் எழுதினால் போதும். கடையின் படம் ஒன்று சேருங்கள். உடனே வாங்கப் போவதில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்படி எழுதியதற்குப் பிறகும் என்னை அழைத்தவர்கள்தான் மனம் திறந்து பேசினார்கள்.

அங்கே வாட்ஸ்அப்பைவிட ஸாலோ என்ற செயலிதான் புழக்கத்தில் அதிகம். அதைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். முகவரியைக் கேட்காமல் இருப்பிடக் குறியை அனுப்பச் சொல்லுங்கள். 2025 ஜூலை 1 முதல் அங்கே 63 மாகாணங்களை 34 ஆகக் குறைத்து, மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். டக் லக்கோடு ஃபூ யென் சேர்ந்துவிட்டது, டக் நொங் போய் லாம் டோங்கில் சேர்ந்துவிட்டது. பழைய முகவரி ஒன்றை நம்பி ஓட்டுநர் ஒரு மணி நேரம் சுற்றிய அனுபவம் எனக்கு உண்டு.

மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். போனில் உள்ள மொழிபெயர்ப்பு சாப்பாட்டுக் கடைக்குப் போதும். நொதிப்பு எத்தனை மணி நேரம், ஈரம் எவ்வளவு என்று பேச அது போதாது. காப்பி தெரிந்த ஆளா என்று கேட்டுப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டா லாட்டில் காப்பித் தோட்டச் சுற்றுலா என்று சொல்லி, தின்ற பழத்தின் கொட்டையை எச்சத்திலிருந்து எடுப்பதற்காகப் புனுகுப்பூனைகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே விவசாயம் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமில்லை, அந்தப் பிராணிகள் கம்பிக்குள் சுற்றிச்சுற்றி நடப்பதைப் பார்க்க மனசு தாங்காது. முன்பதிவு செய்யும்போதே அது வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

5. கொச்சியா, திருவனந்தபுரமா

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான், நாகர்கோவிலில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஆனால் அங்கிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் மாதிரி ஓர் இடத்தில் விமானம் மாறித்தான் போக வேண்டும். கொச்சியில் இருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஆனால் தினமும் கிடையாது. கிழமையைப் பார்த்து அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொச்சி வழியாகப் போனேன். ரயிலில் ஆலுவாவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் நெடும்பாசேரி விமான நிலையம். கன்னியாகுமரியிலிருந்து பெங்களூர் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஆலுவா வழியாகத்தான் போகிறது. இரவு விமானம் என்றால் ரயில் தாமதத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டையும் ஒரே பதிவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வாங்க மலேசியாவுக்குள் நுழைந்து திரும்ப வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போச்சு.

மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான். பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பணம் கட்டினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் வயிறு எரியும்.

6. என் செலவுக் கணக்கு

இரண்டாவது பயணத்துக்கு, பத்து நாளுக்கு, ஒரு ஆளுக்கு ஆனது இது. விமானம் போக வர, பெட்டியோடு 24,000. விசா, கார்டு கட்டணத்தோடு 2,300. காப்பீடு 900. கொச்சி வரை ரயில், ஆட்டோ 1,500. அங்கே உள்ளூர் விமானமும் பஸ்ஸும் 6,500. விடுதி ஒன்பது இரவுக்கு 12,600. மொழிபெயர்ப்பாளர் நான்கு நாளுக்கு 14,000. ஓட்டுநரோடு கார் நான்கு நாளுக்கு 22,000. சாப்பாடு 8,000. சிம், அன்பளிப்பு, சில்லறை 3,000. எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய்க்குப் பக்கம்.

காரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டுமே 36,000 என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேராகப் போனால் அது பாதியாகிவிடும். நான்கு பேருக்கு மேல் போனால் தோட்டக்காரர் வீட்டில் சங்கடம். இரண்டு அல்லது மூன்று பேர் சரியாக இருக்கும்.

டாலர் நோட்டாக நம் நாட்டிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 வரை எடுத்துப் போகலாம். நூறு டாலர் நோட்டுகளை மடிக்காமல், பேனாக் கறை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். மடிப்பில் சற்றே கிழிந்த ஒன்றை அங்கே இரண்டு இடத்தில் வாங்க மறுத்தார்கள். ஒரு லட்சம் டாங் நம் பணத்தில் ஏறக்குறைய 330 ரூபாய், மாற்று விகிதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டும் நீல நிறம். இருட்டில், அவசரத்தில் 65 ரூபாய்க்குப் பதில் 1,650 ரூபாயை நீட்டிவிடுவீர்கள். ஐந்து லட்சம் நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

7. இறங்கிய பின்

விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள். மலைப்பகுதியில் வியட்டெல் நிறுவனத்தின் சிம் நன்றாக எடுத்தது.

ஹோ சி மின் நகரத்திலிருந்து டக் லக்கின் தலைநகரான புவோன் மா துவோட் சுமார் 350 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம், படுக்கை பஸ்ஸில் எட்டு மணி நேரம். பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். போகும்போது விமானத்தில் போய் வரும்போது பஸ்ஸில் வந்தது எனக்குத் தோதாக இருந்தது. டா லாட்டும் பார்க்க வேண்டுமென்றால் புவோன் மா துவோட்டில் இருந்து காரில் ஐந்து மணி நேரம். டா லாட் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் இரவில் குளிர் நம் ஊர்க்காரர்களால் தாங்க முடியாது. ஸ்வெட்டர் கட்டாயம்.

பைக் வாடகைக்கு எடுக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஆர்டிஓ அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கைப்படி வருவது, வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 உடன்படிக்கைப்படி வருவதை. வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் உரிமம் செல்லாது என்ற காரணத்தால் காப்பீடும் கைவிரித்துவிடும்.

தோட்ட வீட்டில் ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள் என்று அன்பாகக் கேட்பார்கள். வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் தற்காலிகத் தங்கல் பதிவு உள்ளூர் போலீஸிடம் செய்தாக வேண்டும். விடுதியில் அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தொல்லை அவருக்கு. பதிவு செய்ய முடியுமா என்று பகலிலேயே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு டவுனுக்குத் திரும்பிவிடுங்கள்.

8. தோட்டத்தில்: அளவு தெரியாமல் போனால் நோட்டு முழுக்கத் தப்பாகிவிடும்

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றரைக்குச் சாப்பாடு, அப்புறம் ஒன்றரை வரை தூக்கம். அந்த நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

அவர்கள் சொல்லும் அளவுகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள். நிலத்தை 'சாவ்' என்று சொல்வார்கள். மத்திய மலைநாட்டில் ஒரு சாவ் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். பத்து சாவ் ஒரு ஹெக்டேர். வடக்கு வியட்நாமில் அதே சொல்லுக்கு 360 சதுர மீட்டர்தான், இணையத்தில் அந்தக் கணக்கைப் பார்த்துக் குழம்பாதீர்கள். எடையில் ஒரு 'தா' என்பது 100 கிலோ.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. விளைச்சலைச் சொல்லும்போது பழமாகச் சொல்கிறாரா, உரித்த பச்சைக்கொட்டையாகச் சொல்கிறாரா? பச்சைக்கொட்டைக்கு அவர்கள் சொல் 'ஞன்'. நம் ஞ எழுத்தின் ஒலி அப்படியே அவர்கள் பேச்சில் இருக்கிறது, வாயில் எளிதாக வரும். ரோபஸ்டாவில் ஒரு கிலோ ஞன் கிடைக்க நாலேகால் முதல் நாலரை கிலோ பழம் வேண்டும். ஒருவர் ஹெக்டேருக்குப் பன்னிரண்டு டன் என்றார், நானும் வாயைப் பிளந்து எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது பழக்கணக்கு, கொட்டையாக மாற்றினால் மூன்று டன்னுக்குள்தான். அதுவே நம் நாட்டு ரோபஸ்டா தோட்டங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். எந்த எண்ணைக் கேட்டாலும் உடனே "ஞன்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுங்கள்.

கேட்க வேண்டியவை என் நோட்டில் இப்படி இருந்தன: பழுத்ததை மட்டும் பறிக்கிறார்களா, கிளையோடு உருவுகிறார்களா? எத்தனை சுற்று? பறித்த எத்தனை மணி நேரத்துக்குள் களத்துக்கு வருகிறது? தார்ப்பாயா, சிமென்ட் களமா, உயர்த்திய படுக்கையா? எத்தனை நாள் காய்கிறது, மழை வந்தால் என்ன செய்கிறார்கள்? ஈரமானி வைத்திருக்கிறார்களா, எந்த ஈர அளவில் மூட்டை கட்டுகிறார்கள்? தண்ணீர் எத்தனை தடவை, எந்த மாதம்? ஊடுபயிர் என்ன? மிளகு ஏறிய தோட்டங்கள் நிறைய உண்டு, நமக்கு அது பழகின காட்சிதான்.

கொட்டை எங்கே என்று கேட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லலாம். அறுவடையானதும் வியாபாரியிடம் கொட்டையை ஒப்படைத்து வைத்துவிட்டு, விலையைப் பின்னால் முடிவு செய்யும் வழக்கம் அங்கே இருக்கிறது. நம்மைத் தவிர்ப்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு களத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வயதான அம்மா ஒருவர் வெயிலில் மரப்பலகை வைத்துப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலே கறுத்துச் சுருங்கியவை, அடியில் இன்னும் சிவப்பு மாறாதவை. அரைமணிக்கு ஒரு தடவை நெட்டாக ஒரு வரி, அடுத்த தடவை குறுக்காக ஒரு வரி. மகனிடம் ஈரமானி இருந்தது. அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. ஒரு பழத்தை நசுக்கிக் கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிளறினார். மகன் கருவியில் போட்டுக் காட்டினார், ஈரம் 16 சதவீதம். இன்னும் மூன்று நாள் என்றார். 12, 12.5க்கு வர வேண்டும்.

அன்பளிப்பாகப் பணம் நீட்டாதீர்கள், மனசு கோணும். நான் நேந்திரங்காய் சிப்ஸும், கிராம்பும், என் கடைத் தூள் அரைக் கிலோவும், ஒரு பித்தளை ஃபில்டரும் கொண்டுபோனேன். அந்த வீட்டு மேஜையில் அவர்களுடைய ஃபின் வடிகட்டியையும் நம் ஃபில்டரையும் பக்கத்தில் வைத்து இறக்கினோம். ஃபின் நேராகக் கோப்பையின் மேல் உட்காரும், ஒரு ஆளுக்கு ஒன்று. நம்முடையதில் கீழ் அடுக்கில் எல்லோருக்குமான டிகாஷன் சேரும். சிக்கரியின் வாசனை என்னவென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை, மூன்று தடவை கேட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. உரம், கூலி, கடன் எல்லாவற்றையும் அவர்களாகவே சொன்னார்கள்.

9. திரும்பும்போது

வறுத்த காப்பியை ரசீதோடு சொந்த உபயோகத்துக்கு எடுத்து வரலாம். உள்ளூர்க் கடைகளில் வெண்ணெய் சேர்த்து வறுத்தது நிறைய விற்கிறது. சுவை ஒப்பிட வேண்டுமானால் எதுவும் சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள்.

பச்சைக்கொட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள், கால் கிலோவாக இருந்தாலும் சரி. அது தாவரப் பொருள். முன்கூட்டியே எடுத்த இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உள்ளே வரக் கூடாது. சாம்பிள் வேண்டுமென்றால் முறையாக அனுமதி எடுத்து, அவர்களைச் சான்றிதழோடு அனுப்பச் சொல்லுங்கள். நான் சாம்பிளை அங்கேயே வறுத்து ருசி பார்த்து மதிப்பெண் எழுதிக்கொண்டு வந்தேன், முதல் பயணத்துக்கு அது போதும்.

வணிகமாக இறக்குமதி செய்யும் எண்ணம் இருந்தால் 500 ரூபாய் கட்டி இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை. காப்பிக்குச் சாதாரணமாக 100 சதவீதம் சுங்கவரி. தென்கிழக்காசிய நாடுகளோடு உள்ள ஆசியான் ஒப்பந்தப்படி ஃபார்ம் ஏஐ என்ற பிறப்பிடச் சான்று இருந்தால் 45 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தோட்டத்தில் நின்று விலை பேசி வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் நம்பிக் காத்திருப்பார்கள்.

கடைசியாக, செருப்பு. அந்தச் செம்மண் லேசில் போகாது. மண் எடுத்து வருவது தடை செய்யப்பட்டது, அதில் புழுவும் பூஞ்சையும் ஒட்டிக்கொண்டு வரும். கிளம்புவதற்கு முந்தைய இரவு விடுதியில் பழைய டூத்பிரஷ் வைத்து அடிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் விட்டுக் காயவையுங்கள். தோட்டத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி கொண்டுபோய் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. ஊர் வந்த பிறகு கீரிப்பாறை, மாறாமலை பக்கம் நண்பர் தோட்டத்துக்குப் போவீர்கள் அல்லவா, அங்கே கிராம்பும் ரப்பரும் நிற்கின்றன. வியட்நாமில் போட்ட செருப்போடு அதற்குள் இறங்க வேண்டாம்.